எம்.பி.க்கு என்னவெல்லாம் உண்டு? பதவிக்காலம், சம்பளம், சலுகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.க்களின் சம்பளம் உயரும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் கிளம்பும். பாதி உண்மை, கால்வாசி பழைய கணக்கு, மீதி கற்பனை. அதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்களுக்கும், அதை நம்பாமல் தேடுகிறவர்களுக்கும்தான் இந்தக் கேள்வி பதில். இங்கே பேசுவது இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றி மட்டும். எம்.எல்.ஏ.க்களுக்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ரூபாய்க் கணக்கெல்லாம் 2025 மார்ச்சில் வந்த அரசாணைப்படி.

படிக்கும்போது ஒவ்வொரு சலுகைக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது அவை நடப்பதற்காகக் கொடுத்ததா, அந்த ஆளுக்காகக் கொடுத்ததா? எதற்குக் கோபப்படலாம், எதற்கு வேண்டாம் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

மக்களவை எம்.பி.யின் பதவிக்காலம் ஐந்து ஆண்டா?

ஐந்து ஆண்டு என்பது அவைக்குத்தான், ஆளுக்கு இல்லை. தேர்தலுக்குப் பின் மக்களவை முதன்முதலாகக் கூடும் நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஓடும். அது முடிந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் முடிவு. இப்போதைய 18ஆவது மக்களவை 2024 ஜூன் 24 அன்று கூடியது. இடையில் கலைக்கப்படாவிட்டால் 2029 ஜூன் 23 வரை இருக்கும்.

இடையில் வருகிறவர்களுக்கு மிச்சக் காலம் மட்டும்தான். கன்னியாகுமரி எம்.பி. வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் இறந்தார். 2021 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் வென்ற விஜய் வசந்துக்கு 2024 வரைதான் பதவி. வேலூரில் 2019 தேர்தல் பணப் பட்டுவாடா புகாரால் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. கதிர் ஆனந்த் தாமதமாக வந்தாலும் மற்றவர்களோடு சேர்ந்துதான் முடித்தார்.

காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் மிச்சக் காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் கட்டாயமில்லை. ஈரோடு எம்.பி. கணேசமூர்த்தி 2024 மார்ச்சில் இறந்தபோது தனியாக இடைத்தேர்தல் வைக்க வேண்டியிருக்கவில்லை. பொதுத்தேர்தலே வாசலில் நின்றது.

ஐந்து ஆண்டுக்கு முன்னே, பின்னே முடியுமா?

முன்னே முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1998இல் அமைந்த 12ஆவது மக்களவையில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என ஒரே ஓட்டில் கவிழ்ந்தது, அவையும் கலைந்தது. சுமார் 13 மாத ஆயுள்.

பின்னே போவது நெருக்கடி நிலையில் மட்டும். அதற்கும் ஒரு முறைக்கு ஓராண்டு என்ற அளவு உண்டு. 1971இல் அமைந்த மக்களவை அப்படி இரண்டு முறை நீட்டிக்கப்பட்டு 1977 ஜனவரியில் கலைக்கப்பட்டது. அந்தக் காலத்திலேயே 42ஆவது திருத்தம் மூலம் பதவிக்காலத்தை ஆறு ஆண்டாக்கினார்கள். ஜனதா ஆட்சி 44ஆவது திருத்தத்தில் அதை மறுபடி ஐந்தாக்கியது.

மாநிலங்களவைக்கு?

அந்த அவை கலைவதே இல்லை. உறுப்பினருக்கு ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம் என்பதால் ஒவ்வொரு முறையும் ஆறு பேர். ஆறு இடத்துக்கும் 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால் ஒருவர் ஜெயிக்க 34 ஓட்டு வேண்டும். ராஜ்யசபா சீட் பேரத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை என்று எல்லோரும் 34ஆல் வகுப்பது இதனால்தான்.

குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேருக்கும் (2022இல் இளையராஜா, பி.டி. உஷா வந்தது அப்படித்தான்) அதே ஆறு ஆண்டு, அதே சம்பளம். போட்டியிட மக்களவைக்கு 25 வயதும் மாநிலங்களவைக்கு 30 வயதும் ஆகியிருக்க வேண்டும்.

காலம் முடியும் முன்பே பதவி எப்படியெல்லாம் போகும்?

ராஜினாமா எளிய வழி. இரண்டு இடத்தில் உட்கார முடியாது என்பதால் வரும் ராஜினாமாக்களும் உண்டு. ராகுல் காந்தி 2024இல் வயநாட்டிலும் ரேபரேலியிலும் வென்று வயநாட்டை விட்டது நினைவிருக்கும். எம்.பி.யாக இருப்பவர் எம்.எல்.ஏ. ஆனாலும் 14 நாளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2021இல் அ.தி.மு.க.வின் கே.பி. முனுசாமியும் வைத்திலிங்கமும் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்து மாநிலங்களவையை விட்டார்கள். அந்த இரண்டு இடமும் இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்குப் போனது.

அடுத்தது தண்டனை. குற்ற வழக்கில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் தகுதி போய்விடும். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு போட்டுவிட்டுப் பதவியில் தொடரலாம். லில்லி தாமஸ் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. அதனால்தான் ராகுல் காந்தி 2023 மார்ச்சில் தீர்ப்பு வந்த மறுநாளே பதவி இழந்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகு திரும்பி வந்தார்.

மூன்றாவது கட்சித்தாவல். 1985இல் 52ஆவது திருத்தத்தோடு வந்த சட்டம். கட்சியை விட்டுத் தானாக விலகினாலோ, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ பதவி போகும். முடிவெடுப்பது சபாநாயகர் அல்லது மாநிலங்களவைத் தலைவர். இதில் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. முடிவுக்குச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது, அவ்வளவுதான்.

அப்புறம் அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பது. 2006இல் ஜெயா பச்சன் இதில்தான் மாநிலங்களவை இடத்தை இழந்தார். அதே ஆண்டு சோனியா காந்தி தேசிய ஆலோசனைக் குழுத் தலைவர் பதவி பற்றிய சர்ச்சையில் தானே ராஜினாமா செய்து மறுபடி ரேபரேலியில் நின்று வென்றார்.

கடைசியாக, அனுமதி இல்லாமல் 60 நாள் அவைக்கு வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். இந்த விதி கேட்கத்தான் கடுமை. இடையில் அவை நான்கு நாளுக்கு மேல் தொடர்ந்து ஒத்திவைக்கப்பட்டால் அந்த நாட்கள் கணக்கில் வராது. விடுப்பு கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். சிறையில் இருந்தபடி 2024இல் வென்ற பஞ்சாபின் அம்ரித்பால் சிங்குக்கே 2025 மார்ச்சில் விடுப்பு கொடுத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வாருங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு?

1,24,000 ரூபாய். இது 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு, 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு லட்சம்.

இதோடு மாதம் 87,000 ரூபாய் தொகுதிப்படி. அலுவலகச் செலவுக்கு 75,000. அந்த 75,000இல் 50,000 உதவியாளர் சம்பளத்துக்கு, 25,000 தபால், காகிதச் செலவுக்கு. அவை கூடும் நாட்களிலும் குழுக் கூட்ட நாட்களிலும் டெல்லியில் இருந்தால் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் தினப்படி.

மாதாமாதம் வரும் சம்பளம், தொகுதிப்படி, அலுவலகச் செலவு மூன்றையும் கூட்டினால் 2,86,000. வாட்ஸ்அப் பட்டியல் இதை அப்படியே ‘சம்பளம்’ என்று போடும். அது நியாயமில்லை. உதவியாளர் வாங்குவது எம்.பி.யின் வருமானம் ஆகாது. ஆனால் தொகுதிப்படி விஷயத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. அதை எதற்குச் செலவழித்தார் என்று பில் காட்ட வேண்டிய அவசியமில்லை. தொகுதி முழுக்க அலைந்து கல்யாணம், காரியம், கோயில் கொடை என்று எல்லாவற்றுக்கும் போகிறவருக்கு 87,000 டீசலுக்கே காணாது. எங்கும் போகாதவருக்கு அது இரண்டாவது சம்பளம்.

தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்கிறார்களே, இது எப்படி?

அரசமைப்புச் சட்டத்தின் 106ஆவது பிரிவே, நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடிவு செய்யட்டும் என்கிறது. அதற்கான சட்டம் 1954இல் வந்தது. அப்போது மாதம் 400 ரூபாய், தினப்படி 21 ரூபாய்.

பல பத்தாண்டுகள் அவர்களே மசோதா கொண்டுவந்து அவர்களே ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள். 2010இல்தான் உச்சக்கட்டக் கூத்து. சம்பளம் 16,000இலிருந்து 50,000 ஆனது. மூன்று மடங்குக்கு மேல் கூடியும் பலருக்குத் திருப்தி இல்லை. மத்திய அரசுச் செயலாளர் 80,000 வாங்குகிறார், அவரைவிட ஒரு ரூபாயாவது கூட வேண்டும், ஆகவே 80,001 என்று கேட்டார்கள். அரசு விழாவில் யார் முன்னே, யார் பின்னே என்று சொல்லும் நெறிமுறைப் பட்டியலில் செயலாளருக்கு மேலே எம்.பி. வருகிறார் என்பது வாதம். வரிசையில் மேலே நிற்பவருக்குச் சம்பளமும் மேலே இருக்க வேண்டும் என்பது அரசு அலுவலக நியாயம். மக்கள் பிரதிநிதிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2018 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி இதற்கு முடிவு கட்டினார். சம்பளம் ஒரு லட்சம். அதன்பிறகு 2023 ஏப்ரலில் தொடங்கி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வருமான வரித் துறையின் பணவீக்கக் குறியீட்டைப் பார்த்துத் தானாக உயரும். 2018-19இல் குறியீடு 280, 2023-24இல் 348. வகுத்துப் பாருங்கள், 24 சதவீதம் வரும். ஒரு லட்சம் 1,24,000 ஆனது அப்படித்தான். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். மசோதாவும் இல்லை, கைதட்டி நிறைவேற்றுவதும் இல்லை.

குறைத்ததும் உண்டு. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு 30 சதவீதம் வெட்டினார்கள்.

அவைக்கே வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்களா?

மாட்டார்கள். பிடிப்பது தினப்படியை மட்டும்தான், அதுவும் வருகைப் பதிவில் கையெழுத்து இல்லாத நாளுக்கு. அண்மை ஆண்டுகளில் அவை ஆண்டுக்கு 70 நாளைத் தொடுவதே அபூர்வம். 60 நாள் என்று வைத்தால், வருகையோடு கட்டப்பட்ட பணம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். சம்பளமாக வரும் 14,88,000க்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாலும், உள்ளே போய்க் கூச்சல் போட்டு அவையை முடக்கினாலும் படி உண்டு. இந்தப் பட்டியலில் மாற்ற வேண்டியது ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பணம் வேண்டாம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். வருகைக் குறைவுக்காக நிறையத் திட்டு வாங்கிய சச்சின் டெண்டுல்கர், ஆறு ஆண்டுச் சம்பளமும் படியுமாகச் சேர்ந்த சுமார் 90 லட்சத்தை 2018இல் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்.

எம்.பி. வருமான வரி கட்ட வேண்டுமா?

சம்பளத்துக்குக் கட்ட வேண்டும். எம்.பி.க்கு முதலாளி என்று யாரும் இல்லாததால் அது ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் வரும். தினப்படிக்கும் தொகுதிப்படிக்கும் பழைய வரி முறையில் வரி இல்லை.

டெல்லியில் வீடு?

பதவியில் இருக்கும்வரை அடுக்குமாடி வீடோ தனி பங்களாவோ வாடகை இல்லாமல் கிடைக்கும். எது கிடைக்கும் என்பது அனுபவத்தைப் பொறுத்தது. முதல் முறை வந்தவர், டெல்லியின் மையத்தில் பிரிட்டிஷ் காலத்தில் உருவான லுட்யன்ஸ் பகுதியில் பங்களாவை எதிர்பார்க்கக் கூடாது. ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரமும் 40 லட்சம் லிட்டர் தண்ணீரும் இலவசம். நம் ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பம் 50,000 யூனிட்டைச் செலவழிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வீடு கொடுப்பது சரி. தூத்துக்குடியிலிருந்து போகிறவர் டெல்லியில் எங்கே தங்குவார்? மின்சார அளவைப் பார்க்கும்போதுதான், இந்த விதியை எழுதியவர் மனத்தில் எத்தனை ஏ.சி. ஓடியதோ என்று தோன்றுகிறது.

பயணம்?

ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. வரை எங்கு வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசம். விமானத்தில் ஆண்டுக்கு 34 ஒருவழிப் பயணம். அதில் எட்டை மனைவியோ கணவரோ உடன் வருபவரோ பயன்படுத்தலாம். கூட்டத்தொடருக்கும் குழுக் கூட்டத்துக்கும் வந்து போகும் செலவு இதில் சேராது, தனி. வெளிநாடு போக ராஜதந்திர பாஸ்போர்ட் கிடைக்கும். மருத்துவத்துக்கு மத்திய அரசு உயர் அதிகாரிகளுக்கு உள்ள சுகாதாரத் திட்டமே இவர்களுக்கும்.

டோல்கேட், சிவப்பு விளக்கு, மலிவு கேன்டீன்?

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் பதவியில் உள்ள எம்.பி.க்குக் கட்டணம் இல்லை. சிவப்பு சுழல் விளக்கு 2017 மே 1 முதல் பிரதமர் உட்பட யாருக்கும் கிடையாது. நாடாளுமன்ற கேன்டீன் மானியம் 2021இலேயே போய்விட்டது. பழைய விலைப்பட்டியல் படம்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அமைச்சரானால் இரண்டு சம்பளமா?

இல்லை. அமைச்சர்கள், எதிர்க்கட்சித் தலைவர் எல்லோருக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. எம்.பி. சம்பளத்துக்குப் பதிலாக அதன் கீழ் வாங்குவார்கள்.

ஒரு நாள் எம்.பி.யாக இருந்தாலே ஆயுளுக்கும் பென்ஷன் என்பது உண்மையா?

வாட்ஸ்அப் பட்டியலில் உண்மையாக இருப்பது இது. எம்.பி. பென்ஷன் 1976இல் வந்தது. இப்போதுள்ள சட்டப்படி, எவ்வளவு குறைந்த காலம் இருந்தாலும் மாதம் 31,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், கூடுதலான ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500. பத்து ஆண்டு இருந்தவருக்கு 43,500 வரும். இறந்தால் துணைவருக்குக் குடும்ப ஓய்வூதியம். முன்னாள் எம்.பி.க்கு ரயில் பயணமும் தொடரும்.

மறுபடி எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ ஆனாலோ, ஆளுநரானாலோ அந்தக் காலத்துக்கு இந்தப் பென்ஷன் நிற்கும். ஆனால் முன்னாள் எம்.எல்.ஏ. பென்ஷனும் முன்னாள் எம்.பி. பென்ஷனும் சேர்ந்து வருவதற்குத் தடையில்லை.

இதை எதிர்த்து லோக் பிரகரி என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. பென்ஷன் கொடுப்பதா வேண்டாமா என்பது நாடாளுமன்றத்தின் விருப்பம் என்று 2018இல் மனு தள்ளுபடியானது. சட்டப்படி சரிதான். ஆனால் 2004க்குப் பின் வேலைக்குச் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குத் தள்ளிய அதே அவை, தன் உறுப்பினர்களிடம் ஒரு பைசா பங்களிப்புக் கேட்கவில்லை. ஐந்து தேர்தல் நின்று, சொத்தை விற்று, கடைசிக் காலத்தில் வாடகை வீட்டில் இருந்த முன்னாள் எம்.பி.க்களும் உண்டு என்பதால் பென்ஷனே கூடாது என்று சொல்ல மாட்டேன். குறைந்தபட்சக் காலம் ஒன்றாவது வைக்கலாம்.

ஆண்டுக்கு ஐந்து கோடி வருகிறதாமே?

எம்.பி. கைக்கு ஒரு ரூபாயும் வராது. இது தொகுதி மேம்பாட்டு நிதி. நரசிம்ம ராவ் காலத்தில், 1993 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி, இரண்டு கோடி என்று ஏறி 2011-12 முதல் ஐந்து கோடி. எந்த வேலை என்று எம்.பி. பரிந்துரைப்பார். அனுமதி, டெண்டர், பணம் எல்லாம் மாவட்ட நிர்வாகம் வழியாக. 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். மாநிலங்களவை எம்.பி. தன் மாநிலத்துக்குள் எங்கும் பரிந்துரைக்கலாம். நியமன எம்.பி. நாட்டில் எங்கும்.

பள்ளிக் கட்டடம், ஆழ்துளைக் கிணறு, பஸ் நிழற்குடை. பேருந்து நிறுத்தத்தில் பெரிய எழுத்தில் எம்.பி. பெயர் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கணக்கு. பெயரைப் பார்த்தால் அவர் பணம் மாதிரி இருக்கும், பணம் நம்முடையது. சட்டம் இயற்ற வேண்டியவருக்கு ரோடு போடும் வேலை எதற்கு என்ற கேள்வியோடு ஒரு வழக்கும் நடந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்றது. கொரோனாவில் நிறுத்திவைத்து 2021 நவம்பரில் மறுபடி தொடங்கினார்கள்.

அவையில் எதைப் பேசினாலும் வழக்குப் போட முடியாதா?

முடியாது. அரசமைப்பின் 105ஆவது பிரிவு, அவையிலோ குழுவிலோ பேசியதற்கும் போட்ட ஓட்டுக்கும் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. எம்.பி.க்கு உள்ள பாதுகாப்பிலேயே முக்கியமானது இதுதான், இருக்க வேண்டியதும் இதுதான். ஒரு பெரிய நிறுவனத்தைப் பற்றி எழுந்து கேட்கும்போது அவதூறு வழக்கு வருமோ என்று உறுப்பினர் யோசித்தால் அவை எதற்கு?

எல்லைகள் உண்டு. நீதிபதிகளின் நடத்தையைப் பதவி நீக்கத் தீர்மானத்தின்போது மட்டுமே பேசலாம். பேசியதை அவைக் குறிப்பிலிருந்து அவைத் தலைவர் நீக்கலாம். அதே பேச்சை வெளியே பிரஸ் மீட்டில் திருப்பிச் சொன்னால் பாதுகாப்பு இல்லை.

காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டாலும் பாதுகாப்பா?

26 ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 1993 நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் நரசிம்ம ராவ் அரசைக் காப்பாற்ற ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் பணம் வாங்கியதாக வழக்கு. 1998இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு 3க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது: பணம் வாங்கி, அதன்படி அவையில் ஓட்டுப் போட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு. பணம் வாங்கிவிட்டு ஓட்டுப் போடாதவருக்கு இல்லை! நாணயமாக நடந்துகொண்ட லஞ்சக்காரருக்குச் சட்டமே காவல் நின்ற மாதிரி.

2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் ஒருமித்து அதை ரத்து செய்தார்கள். லஞ்சம் வாங்கிய நொடியிலேயே குற்றம் முடிந்துவிடுகிறது, அதன்பின் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பொருட்டில்லை என்றது தீர்ப்பு. இப்போது எம்.பி., எம்.எல்.ஏ. யாருக்கும் இதில் தப்பிக்க வழியில்லை.

எம்.பி.யைக் கைது செய்ய முடியாதா?

சிவில் வழக்கில் மட்டும் முடியாது. கூட்டத்தொடர் நடக்கும்போதும், அதற்கு 40 நாள் முன்பும் பின்பும். கடன் வழக்கில் பிடித்து உள்ளே வைத்து அவைக்கு வரவிடாமல் தடுக்கக் கூடாது என்ற பழைய ஏற்பாடு.

கிரிமினல் வழக்கில் மற்றவர்களுக்கு உள்ளதுதான் எம்.பி.க்கும். ஆ. ராசாவும் கனிமொழியும் 2011இல் எம்.பி.யாக இருக்கும்போதுதான் கைதானார்கள் (2017இல் சிறப்பு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது). கூட்டத்தொடர் நடக்கிறது என்று சொல்லி அமலாக்கத் துறை சம்மனைத் தள்ளிப்போட முடியாது என்று 2022 ஆகஸ்டில் அவைத் தலைவர் வெங்கய்ய நாயுடுவே மாநிலங்களவையில் சொன்னார். கைது செய்தால் அவைத் தலைவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவை வளாகத்துக்குள் பிடிக்க அனுமதி வேண்டும், அவ்வளவே.

உரிமை மீறல் என்கிறார்களே, அது யார் மேல் பாயும்?

உறுப்பினர் மேலும் பாயும், வெளியாள் மேலும் பாயும். ஆபத்தான பகுதி இதுதான். என்னென்ன உரிமை என்று இன்றுவரை பட்டியல் போட்டுச் சட்டம் இயற்றவில்லை. சட்டம் இயற்றும்வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு இருந்த உரிமைகள் என்று 1950இல் எழுதினார்கள். 44ஆவது திருத்தம் பிரிட்டன் பெயரை எடுத்துவிட்டது. நிலைமை மாறவில்லை. பட்டியல் இல்லாததால் எது குற்றம் என்று அவையே பிறகு சொல்லும், தண்டனையும் அதுவே கொடுக்கும்.

சட்டமன்றங்களுக்கும் இதே அதிகாரம் 194ஆவது பிரிவில் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாடு 1987இல் பார்த்தது. எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்து அட்டைப்படத்தில் ஒரு கார்ட்டூன் போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று அவை தீர்மானித்தது. எதிர்ப்பு கிளம்பி ஓரிரு நாளில் விடுவித்தார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2003இலும் ‘தி ஹிந்து’ பத்திரிகையாளர்களுக்கு 15 நாள் சிறை என்று சட்டமன்றம் தீர்மானிக்க, உச்ச நீதிமன்றம்தான் தடை போட்டது. பேசுவதற்கான பாதுகாப்பு அவை நடக்க வேண்டியது. கார்ட்டூனுக்குச் சிறை என்பது அவையின் வேலைக்கு எந்த வகையில் உதவியது?

அவையே ஓர் உறுப்பினரை வெளியேற்றலாமா?

இடைநீக்கம் செய்யலாம், பதவியையே பறிக்கலாம். கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் சிக்கியதால் 2005 டிசம்பர் 23 அன்று 11 எம்.பி.க்களை (மக்களவை 10, மாநிலங்களவை 1) வெளியேற்றினார்கள். அந்த அதிகாரம் அவைக்கு உண்டு, ஆனால் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978இல் இந்திரா காந்தியையும் வெளியேற்றினார்கள், 2023 டிசம்பரில் மஹுவா மொய்த்ராவையும். வெளியேற்றப்பட்டவர் மறுபடி நிற்கத் தடையில்லை. மொய்த்ரா ஆறு மாதத்தில் அதே கிருஷ்ணநகரில் வென்று வந்தார்.

இடைநீக்கம் சின்ன விஷயம் என்று இருந்தது. 2023 குளிர்காலத் தொடரில் இரு அவையிலும் சேர்த்து 146 பேரை நீக்கியதும் அந்த நினைப்பு போனது. அந்த அவசரத்தில் சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் பட்டியலில் வந்தது. அன்று அவர் அவையிலேயே இல்லை. பிறகு பெயரை எடுத்தார்கள்.

எம்.பி. வேறு தொழில் செய்யலாமா? சொத்துக் கணக்கு காட்ட வேண்டுமா?

செய்யலாம். வக்கீலாக வாதாடலாம் என்பதை 2018இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி மட்டும் கூடாது. பதவியேற்று 90 நாளுக்குள் தன், துணைவர், தன்னை நம்பியிருக்கும் பிள்ளைகள் ஆகியோரின் சொத்து, கடன் விவரத்தை அவைத் தலைவரிடம் தர வேண்டும். பொதுமக்கள் எளிதாகப் பார்க்கக் கிடைப்பது வேட்புமனுவோடு வைக்கும் பிரமாணப் பத்திரம்தான். அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும்.

எங்கள் எம்.பி. என்ன செய்தார் என்று எங்கே பார்ப்பது?

நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் ஒவ்வோர் உறுப்பினர் பெயரிலும் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும், விவாதத்தில் பேசியதும் இருக்கும். வருகைப் பதிவும் அங்கேயே கிடைக்கும். அமைச்சர்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அதனால் அவர்கள் வருகையைத் தேட வேண்டாம். வருகை சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், கையெழுத்துப் பற்றி மேலே சொன்னதுதான் காரணம். எழுத்துப்பூர்வப் பதில் கேட்ட கேள்விகளைப் படியுங்கள். உங்கள் ஊர் ரயில் நிறுத்தம், தேசிய நெடுஞ்சாலை, மீனவர் படகு பற்றி எத்தனை, யாரோ எழுதிக்கொடுத்த மாதிரி பொதுவாக எத்தனை என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மேம்பாட்டு நிதியில் எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடலாம். பத்து ரூபாய் கட்டணம்.